ரேணுகா செய்த கால்பட்டை

எனக்கு உடம்பு முடியாமல் போகும் வரை ஆய்வகத்தில் எல்லாரும் அதை "முத்துவோட பட்டை" என்றுதான் சொன்னார்கள். முத்து என்றால் நான், முத்துலட்சுமி. வீடு திருநகரில். அப்பாவுக்குத் திருமங்கலத்தில் பைப், மோட்டார் சாமான் விற்கும் கடை. மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் உயிர்மருத்துவப் பொறியியலில் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன்.

எங்கள் துறையில் கோடை விடுமுறையில் ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி நடக்கும். பக்கவாதத்தாலோ விபத்தாலோ நடக்கவும் பிடிக்கவும் முடியாமல் போனவர்களுக்கு உதவும் கருவிகளை மாணவர்களே யோசித்து, செய்து, நோயாளிகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். எனக்கு ஜோடி ரேணுகா. வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஆரப்பாளையம் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஊசியும் நூலும் கையில் கிடைத்தால் மெஷினில் தைத்ததுபோல் தைப்பாள்.

பயிற்சியின் முதல் வாரத்தில் எங்களை ஒரு பிசியோதெரபி வார்டுக்குக் கூட்டிப்போனார்கள். பக்கவாதம் வந்து தேறியிருந்த ஓர் அம்மாவுக்கு வலது பாதம் தொங்கிப்போயிருந்தது. பாதத்தை மேலே தூக்கும் தசைக்கு நரம்பின் உத்தரவு போய்ச் சேராவிட்டால், கால் எடுத்து வைக்கும்போது பாதம் கீழே தொங்கி விரல் தரையில் இடறும். இதற்கு 'ஃபுட் டிராப்' என்று பெயர். பாதத்தைத் தாங்கிப் பிடிக்கப் பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்பிளிண்ட் கொடுப்பார்கள். அதைப் போட்டு மேலே ஷூவும் போட்டால்தான் நிற்கும். அந்த அம்மா சொன்னார்: "ஷூவை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள எப்படித் திரியிறது? சாமி ரூமுக்குள்ள போகாம எத்தனை நாளு இருக்கிறது?"

இதைக் கேட்கும்போது ரேணுகாவும் பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் மறுநாள் போர்டில் படம் போட்டுக் காட்டியது நான். கணுக்காலுக்கு மேலே ஒரு பட்டை. செருப்பு வார்போல் விரலிடுக்கில் போகும் இன்னொரு பட்டை. இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் ஓர் எலாஸ்டிக் நாடா. உள்ளங்கால் தரையில் படும். மேடம், அதாவது எங்கள் பேராசிரியை, "வெறுங்காலுக்கா? இதை இங்க யாருமே யோசிக்கலையே" என்றார். அன்றைக்கு ரேணுகா என்னைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு பட்டைகள் தைத்துப் பார்த்திருந்தோம். மூன்றாவதை ரேணுகா வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. அதற்கு முன் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்து வேலை பார்த்ததால் என்று நினைத்தேன். மறுநாள் மாடிப்படி ஏறும்போது முழங்கால் மடங்கியது. அதற்கு மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து எழுந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலி இல்லை. கால் என்னுடையதாக இல்லை, அவ்வளவுதான்.

அப்பா என்னைத் தூக்கிக் காரில் வைத்தார். "என்ன ஆத்தா செய்யுது, என்ன செய்யுது" என்று வழி முழுக்கக் கேட்டார். கை விரல்களும் மரத்துப்போவதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனை. நரம்பு மருத்துவர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. பிறகு நரம்புச் சோதனைக்கு அனுப்பினார். தோலில் சிறிய மின்முனைகளை ஒட்டி, லேசாக ஷாக் கொடுத்து, அந்தச் செய்தி நரம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்ப்பார்கள். அதே மின்முனைகளை நான் வகுப்பில் மற்றவர்களுக்கு ஒட்டியிருக்கிறேன். திரையில் ஓடிய கோட்டைப் படிக்கவும் எனக்குத் தெரியும். டெக்னீஷியன் எதுவும் சொல்வதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன்: என் காலில் செய்தி தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று முதல்முறையாகத் தோன்றியது. பின்பு முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். என்னைச் சுருண்டு படுக்கச் சொன்னபோது, நர்ஸ் என் நெற்றியைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கில்லன் பாரே சிண்ட்ரோம். சுருக்கமா ஜி.பி.எஸ்." என்றார் மருத்துவர்.

அப்பா, "ஜி.பி.எஸ்-னா வண்டியில வழி காட்டுறதுல்ல சார்?" என்று கேட்டார்.

மருத்துவர் சிரிக்கவில்லை. வயிற்றுப்போக்கு உண்டாக்கிய கிருமியை எதிர்க்கக் கிளம்பிய என் உடம்பின் காவல் படையே ஆள் மாறிப்போய், நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிறது என்று விளக்கினார். ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உரிந்துபோவதைப் போல. "உரிஞ்சது திரும்ப வளரும். ஆனா மெதுவாத்தான் வளரும். இப்ப நமக்குக் கவலை மூச்சு மட்டும்தான். இது நெஞ்சுக்கு ஏறிடக் கூடாது."

அதனால் ஐ.சி.யூவில் போட்டார்கள். அங்கே ஒரு சோதனை உண்டு. மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, அந்த ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பார்கள். முதல் நாள் நன்றாக எண்ணினேன். அடுத்த நாள் குறைந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் குறைந்தது. எண்ணும்போது மருத்துவர் என் முகத்தைப் பார்க்காமல், மூச்சுக்காகக் கழுத்துத் தசை இழுக்கிறதா என்று கழுத்தைப் பார்ப்பார். வென்டிலேட்டரைக் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். எனக்குத் தெரியக் கூடாதென்று மூடியிருப்பார்கள்போல.

பலர் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அந்த மருந்தின் விலையைக் கேட்டுவிட்டு அப்பா வெளியே போய் நெடுநேரம் போனில் பேசிவிட்டு வந்தார். யாரிடம் பேசினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. என் குதிகால் படுக்கையில் உரசிப் புண்ணாகக் கூடாது என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு, கடையில் பைப்புக்குச் சுற்றும் ஸ்பாஞ்சை வெட்டி எடுத்துவந்து காலுக்கடியில் வைத்தார். அம்மா எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். படுத்தே கிடந்தால் சிக்கு விழும் என்று தினமும் அவிழ்த்துப் பின்னினார்.

மருந்து கேட்டது. எண்ணிக்கை இறங்குவது நின்றது. சில நாட்களில் அந்த வென்டிலேட்டரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா அது வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பயம் இறங்கிய இடத்தில் பொறாமை ஏறியது. இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். வார்டுக்கு மாற்றிய பிறகு நான் நாள் முழுக்க மற்றவர்களின் கால்களைப் பார்த்தேன். நர்ஸுகள் குதிகாலில் திரும்புவதைப் பார்த்தேன். அம்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருப்பதைப் பார்த்தேன். பார்க்க வந்த சித்தி கால்மேல் கால் போட்டு ஆட்டியபோது எனக்கு வந்த கோபத்தில், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு முறிந்த பாண்டியம்மாள் என்ற பாட்டி, ஆபரேஷன் முடிந்து வாக்கரைப் பிடித்து நடந்தே பாத்ரூம் போனார். எழுபது வயதுக்காரர். அவர் மேலும் பொறாமைப்பட்டேன்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. பெரிய பொறாமை ரேணுகா மேல்.

வாரத்தில் இரண்டு மூன்று தடவை வருவாள். ஆரப்பாளையத்தில் இறங்கி மாட்டுத்தாவணி பஸ் பிடித்து வருவாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்வாள். நாலாவது பட்டை முடிந்தது. மேடம் ரப்பரை மாற்றச் சொன்னார். ஒரு மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் "ம்" என்று கேட்பேன். அவள் போனபின் அம்மா, "எம்புட்டுத் தூரத்துல இருந்து வருது அந்தப் புள்ள" என்பார். எனக்கு அழுகை வரும். நான் இங்கே கிடக்கும்போது அவள் மட்டும் என் பட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறாளே என்று.

ஒருநாள் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முயன்றேன். கை விரல்கள் பலம் திரும்பாமல் துவண்டிருந்தன. மூடி நகரவில்லை. பல்லால் கடித்தேன். பிறகு உள்ளங்கைகள் இரண்டுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்த்தேன். ரேணுகா எழுந்து உதவாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குச் சங்கடம் வரக் கூடாதென்று விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த கட்டம் பிசியோதெரபி. ஜான்சி அக்கா என்ற பிசியோதெரபிஸ்ட், அதட்டாமல் வேலை வாங்கத் தெரிந்தவர். முதலில் உட்காரப் பழக்கினார். பிறகு இரண்டு பக்கமும் கம்பி பிடித்து நிற்க. இடுப்பும் தொடையும் திரும்பின. முழங்கால் திரும்பியது. பாதம் மட்டும் இரண்டு பக்கமும் தொங்கியது.

"நரம்பு மேலயிருந்து கீழதான் வளரும் முத்து. பாதம் கடைசி. அதுவரைக்கும் உனக்கு ஸ்பிளிண்ட் வேணும்" என்றார்.

அந்த வாரமே மேடமும் ரேணுகாவும் வந்தார்கள். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வளைக்காமல் கேட்டார். "கேட்கலாமான்னே தெரியல. ஆனா கேக்குறேன். பட்டையை நீயே போட்டுப் பாக்குறியா? விருப்பமில்லைன்னா வேண்டாம்." ஒப்புதல் தாளையும் கொண்டுவந்திருந்தார். ஆராய்ச்சியில் பங்கெடுக்கும் நோயாளியிடம் கையெழுத்து வாங்குவது. அந்தத் தாளில் இருந்த தமிழ் வாசகங்களை எழுதியதே நான்தான். 'எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் நீங்கள் விலகிக்கொள்ளலாம்.' கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டேன்.

ரேணுகா பையிலிருந்து பட்டையை எடுத்தாள். நான் வரைந்த பட்டையில் பக்கிள் இருந்தது, பெல்ட்டில் இருப்பதுபோல். இதில் பக்கிள் இல்லை. அதற்குப் பதிலாகக் கட்டைவிரலை நுழைத்து இழுக்கிற மாதிரி ஒரு பெரிய வளையம். இழுத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும்.

"பக்கிளை எதுக்கு மாத்துன?"

"பலமில்லாத விரலுக்குப் பக்கிள் மாட்ட வராது. அன்னைக்கு நீ பாட்டில் மூடியைத் திறந்ததைப் பாத்தேன். உள்ளங்கையாலதான் திருப்புன. அதான், விரல் இல்லாமலே மாட்டுற மாதிரி."

"நீ என்னைப் பாக்க வந்தியா, என் கையைப் பாக்க வந்தியா?"

ரேணுகா பொய் சொல்லத் தெரியாதவள். "ரெண்டுக்கும்தான்" என்றாள்.

"நான் விலகிக்கிறேன் மேடம்" என்றேன். மேடம் காரணம் கேட்கவில்லை. தாளை வாங்கிப் பைக்குள் வைத்தார். ரேணுகா பட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு அம்மா, "அந்தப் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?" என்று கேட்டார். அவள் செய்த மாற்றம் சரியானது. அது எனக்குத் தோன்றவில்லை. என் கையைப் பார்த்தே அவளுக்குத் தோன்றிவிட்டது. அதுதான் பொறுக்கவில்லை.

நான் பிளாஸ்டிக் ஸ்பிளிண்டும் ஷூவும் போட்டு நடக்கப் பழகினேன். கனமாக இருந்தது, வேர்த்தது. ஒருநாள் காலை என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பிசியோதெரபி அறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, கம்பிகளுக்கு நடுவே ஒருவர் வெறுங்காலோடு நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பக்கவாதம் வந்தவர், எனக்குப் பதிலாக ஒப்புதல் கொடுத்தவர். அவர் காலில் எங்கள் பட்டை. ரேணுகா தரையில் மண்டியிட்டு அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு காலை எடுத்து வைத்தார். பாதம் தொங்கவில்லை. இன்னொரு எட்டு வைத்தார். "ஏம்மா, காலு தூக்குதும்மா" என்றார். "தரை சில்லுன்னு இருக்கு. எம்புட்டு நாளாச்சு தெரியுமா இப்படி நடந்து."

ரேணுகா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவளை நான் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. முதலில் பட்டை போனது. இப்போது அதைப் போட்டுப் பார்க்கும் கால்கூட இன்னொருவருடையதாகிவிட்டது. அவர் உட்கார்ந்ததும் நான் சத்தமாகவே சொன்னேன்: "ரேணுகா, எனக்குப் போட்டு விடு."

அவள் ஜான்சி அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையாட்டினார்.

"நீயே போட்டுப் பாரு. உன்னால முடியுதான்னுதான் பாக்கணும்" என்று என் மடியில் பட்டைகளை வைத்தாள்.

போட்டேன். வளையத்தில் கட்டைவிரலை விட்டு இழுத்தேன். ஒட்டிக்கொண்டது. நாலைந்து எட்டு நடந்தேன். பிறகு திரும்பி இன்னும் கொஞ்சம். விரல் இடறவில்லை. நன்றாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கழற்றியபோது கணுக்காலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. ரேணுகா பதறிப்போனாள். "இம்புட்டு இறுக்கமாவா போட்ட? வலிக்கலையா?"

"எப்படி வலிக்கும்? அங்கதான் மரத்துக் கிடக்கே. இறுக்கமா லூஸான்னே எனக்குத் தெரியல."

தொங்கும் பாதத்தைப் பற்றி இரண்டு பேரும் எவ்வளவோ படித்திருந்தோம். உணர்ச்சியில்லாத காலில் பட்டையை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது காலுக்குத் தெரியாது என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கண்டக்டருக்குக் காலில் உணர்ச்சி இருந்ததால் அவர் நடந்தபோது இந்தக் குறை தெரியவில்லை.

"கண்ணுல பாக்குற மாதிரி ஒரு கோடு போடு" என்றேன். "அந்தக் கோடு வரைக்கும் இழுத்தா போதும்னு. ஒவ்வொருத்தருக்கும் முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் பாத்து அளந்து குறிச்சுக் குடுக்கட்டும்."

ரேணுகா உடனே பேனாவை எடுத்துப் பட்டையிலேயே கோடு போட்டாள். அது நான் போட வேண்டிய கோடு என்று நினைத்தேன். ஆனால் என் கையில் பேனா நிற்காது.

அதன்பிறகு அந்தப் பட்டையோடுதான் வீட்டுக்கு வந்தேன். கோடு போட்டது, கோடு சிவப்பு நூலில் தைத்தது, ஈரமானாலும் வழுக்காதது என்று ஒவ்வொன்றாக ரேணுகா திருநகர் வீட்டுக்கே கொண்டுவந்தாள். சண்டை போட்டுக்கொண்டே செய்தோம். விரல்களுக்குப் பலம் மெல்லத் திரும்பியது. செமஸ்டர் தொடங்கி வெகு நாள் கழித்து நான் கல்லூரிக்குப் போனேன். வலது பாதம் தானாகவே தூக்க ஆரம்பித்திருந்தது. இடதுக்கு மட்டும் பட்டை.

பயிற்சியின் இறுதி மதிப்பீட்டை எனக்காகத் தள்ளி வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து இரண்டு மருத்துவர்களும் வேறு கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் வந்திருந்தார்கள். அறிக்கையில் ரேணுகாவின் பெயர் முதலில் இருந்தது. வேலை முழுக்க அவள் செய்தது; நியாயம்தான். அந்த முதல் பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். திரையில் அது வந்தபோதும் பார்த்தேன்.

ரேணுகா பேசினாள். தடுமாறவில்லை. மூலப்பொருள், இழுவிசை, எத்தனை வடிவங்கள், எது ஏன் தோற்றது, எல்லாம் சொன்னாள். கேள்வி நேரம் வந்தது. ஒரு மருத்துவர் சிவப்புக் கோட்டைக் காட்டி இது எதற்கென்று கேட்டார். ரேணுகா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து, மரத்த காலுக்கு இறுக்கம் தெரியாது என்று சொன்னேன். அவ்வளவுதான். அதன்பிறகு ஒரு கேள்விகூட ரேணுகாவுக்கு வரவில்லை. ஈரத் தரையில் எப்படி? படியேறும்போது? இரவில் எழுந்து போகும்போது? எல்லாம் என்னிடமே கேட்டார்கள். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். முடிந்ததும் இரண்டு மருத்துவர்களும் என்னிடம் வந்து பேசினார்கள். ரேணுகா ஓரமாக நின்று புரொஜெக்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது அவள் முகம் சரியில்லை.

"என்ன, கோவமா?" என்றேன்.

"கோவமெல்லாம் இல்ல."

"பிறகு?"

"பொறாமை" என்றாள், நடந்துகொண்டே. "நான் எத்தனை தடவை தைச்சுப் பிரிச்சிருக்கேன். நீ ஒரு வார்த்தை சொன்ன. எல்லாரும் அதைத்தான் எழுதுனாங்க. அது எனக்கு எம்புட்டுப் படிச்சாலும் வராது. உன்னைய மாதிரி படுத்துக் கிடந்திருந்தாத்தான் வரும்." சொல்லிவிட்டு நின்றாள். அவள் சொன்னது அவளுக்கே உறைத்துவிட்டது. "இப்படிச் சொல்லக் கூடாதுல்ல."

"கூடாதுதான்" என்றேன்.

ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். நல்லவர்கள்தான், அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் யாரும் என்னைப் பார்த்து வயிறெரியவில்லை. இவள்தான் முதல் ஆள். அந்தச் சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள நான் குனிந்து, பட்டையைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன்.

"ஆரப்பாளையம் பஸ் வந்துருச்சு, வாரியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரேணுகா கிளம்பினாள். நானும் அவளோடு ஆரப்பாளையம் வரை போய், அங்கே திருநகர் பஸ் மாறுவதாக இருந்தேன். நான் வீடு திரும்பிய நாளிலிருந்து யார் என்னோடு நடந்தாலும், என் நடைக்கு ஏற்ப மெதுவாக நடப்பார்கள், அப்பாகூட. ரேணுகா தன் வேகத்திலேயே விறுவிறுவென்று போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே, என்னால் முடிந்த வேகத்தில் போனேன். படியில் கால் வைத்து ஏறும் வரை டிரைவர் வண்டியை எடுக்காமல் பொறுத்தார்.

உள்ளே அவள் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். ஜன்னலோரத்தில் அவளே உட்கார்ந்துகொண்டாள்.